எடைமேடை

சஸ்காட்செவன் சமவெளியில்
தானியக் கிடங்கு வாசலில் எனக்கு வேலை.
லாரி ஏறும். எண் எரியும். எழுதிக்கொள்வேன்.
கோதுமையைக் கொட்டிவிட்டு மறுபடி ஏறும்.
நிறைந்ததில் காலியைக் கழித்தால்
மிச்சம்தான் கோதுமை.
பத்தொன்பது வருடமாய் இந்தக் கழித்தல்.

ஊர் கிளினிக்கின் தராசு
நூற்றைம்பதோடு நின்றுவிடும்.
"உத்தேசமாகப் போட்டுக்கொள்ளட்டுமா?" என்றாள் நர்ஸ்,
என்னைப் பார்க்காமல், பென்சிலைப் பார்த்து.

அன்று மாலை எல்லாரும் போனபின்
நானே ஏறி நின்றேன்
அறுபது டன் தாங்கும் இரும்பின்மேல்.
ஓட்டுநர்களுக்கான சிவப்பு எண்
நூற்றறுபதா நூற்றெழுபதா என்று
மாறி மாறித் துடித்தது.
பத்துப் பத்தாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
இரும்பு முனகவில்லை.
அதற்கு என்மேல் புகார் ஏதும் இல்லை.
சிரித்தேன்.
சிரிப்பு எந்த இடத்தில் வேறொன்றானது என்று
தெரியவில்லை.

அறுவை சிகிச்சைக்குப் பெயர் கொடுத்துவிட்டேன் என்றதும்
ஆளுக்கொரு பிணத்தை எடுத்து வைத்தார்கள்.
ஓரெஸ்டுக்கு, ஒன்றுவிட்ட தம்பியின் மனைவி.
தபால் நிலையத்து வில்மாவுக்கு, மூஸ் ஜாவில் யாரோ;
பெயர் தெரியாது, செத்தது மட்டும் நிச்சயம்.
தேவாலயச் சமையலறையில்
பிரோஹிக்கு மாவு மடித்துக்கொண்டிருந்தவர்கள்
கை நிறுத்தாமல் கேட்டார்கள்:
"வாயைக் கட்டினால் போதாதா, ஒரிஸ்யா?"
கேட்ட கையே என் தட்டில்
இன்னும் ஆறு வைத்தது, வெண்ணெயோடு.

கட்டியிருக்கிறேன் வாயை.
ஒரு வசந்தம் முழுக்க முட்டைக்கோஸ் சூப்.
ஒரு வருடம் மாத்திரை, படபடப்பு, தூக்கமின்மை.
ரெஜினாவில் வாராவாரம் பணம் கட்டி
மடக்கு நாற்காலியில் விளிம்போடு உட்கார்ந்து
கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.
இருபத்தெட்டு கிலோ போனது.
முப்பத்துநாலாகத் திரும்பி வந்தது,
துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு.

"குறுக்கு வழி" என்றாள் தங்கை ஹல்யா.
முக்கால் வயிற்றை வெட்டி எடுத்து
மிச்சத்தை ஒரு வாழைப்பழ அளவுக்குத் தைத்து
பச்சைத் தண்ணீரையும் மிடறு மிடறாய்
அனுமதி கேட்டுக் குடிக்கப்போகும் பாதையில்
குறுக்கு எங்கே இருக்கிறது, காட்டு என்றேன்.
அவள் காட்டவில்லை.
அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.
"நீ செத்துப்போனால்?"

இதை முதலிலேயே கேட்டிருக்கலாம்.

டாக்டர் ரூப்ரெக்டிடம் நான் கேட்டுவிட்டேன்.
ஆயிரத்தில் இத்தனை பேர் என்றார், சுற்றி வளைக்காமல்.
இப்படியே இருந்தால் எத்தனை பேர் என்றும் கேட்டேன்.
அந்த எண்ணை
ஊரில் ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.
இரண்டையும் லாரிச் சீட்டின் பின்புறம் எழுதிக்
கழித்துப் பார்த்தேன்.
தொழில் புத்தி.

அழகுக்கா என்கிறார்கள்.
கிடங்கின் உச்சிக்கு ஓர் இரும்பு ஏணி உண்டு,
நூற்றுப் பதினேழு படி.
சேர்ந்த வருடம் ஒரே ஒருமுறை ஏறினேன்.
பக்கத்து ஊர்க் கிடங்கு தெரிந்தது,
அதற்கடுத்த ஊருடையதும்.
அதற்கும் அப்பால்
பூமி லேசாக வளைவதைப் பார்த்ததாக நினைவு.
பார்த்தேனா, நானே சேர்த்துக்கொண்டதா?
சரிபார்க்க வேண்டும்.

ஜனவரி. விடியற்காலை நாலு மணி.
மைனஸ் முப்பத்தொன்று.
இரண்டு வாரமாய் ஜெல்லியும் கஞ்சித்தண்ணியும் குடித்த நாக்கு
அட்டையைப்போல் கிடக்கிறது.
இரவுடைமேல் கோட்டைப் போட்டுக்கொண்டு
ஹல்யா காரைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள்.
"எனக்கு இன்னும் சம்மதமில்லை" என்றாள்.
பிறகு சட்டென்று பனியில் மண்டியிட்டு
என் பூட்ஸ் நாடாவைக் கையில் எடுத்தாள்.
எத்தனை வருடமாய் அது
கட்டப்படாமலே இருக்கிறது என்று
அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

"இறுக்கம் போதுமா?"

இன்னும் கொஞ்சம், என்றேன்.